கோழி மேய்க்கவும் கோறணமேந்து தேடுறது ஏன்?

போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தோம். வடக்கின் பொருளாதாரம் எழும்புது எண்டமாதிரி ஒரு தலைப்பு. ஏசி மண்டபம், தேத்தண்ணி, வடை. பேச வந்த பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடிச்ச உடனேயே எங்களைப் பார்த்துத்தான் தொடங்கினார். "வேலை இல்லை எண்டு சொல்லாதேங்கோ. வேலை இருக்கு, செய்யத்தான் ஆக்கள் இல்லை. இண்டைக்கு ஒரு மேசனைப் பிடிக்க ஏலாது. வெங்காயம் கிண்ட ஆள் இல்லை. எங்கட பெடியளுக்குப் போனும் மோட்டச்சைக்கிளும் இருந்தாக் காணும்."

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்து பலமாகத் தட்டினவையில் பாதிப்பேர் ஓய்வூதியம் எடுக்கிற அரச உத்தியோகத்தர். அவையின்ர பிள்ளையள் ஆரும் வெங்காயம் கிண்டினதாக எங்களுக்குத் தகவல் இல்லை.

இந்தப் பேச்சை நாங்கள் முதல்தரம் கேட்கவில்லை. வீட்டில, கோயிலடியில, கலியாண வீட்டில, பத்திரிகைப் பத்தியில எண்டு எல்லா இடமும் கேட்டாச்சு. அதோடு சேர்ந்து வருகிற பழமொழியும் உங்களுக்குத் தெரியும்: கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும். எங்கட சனத்துக்கு அரசாங்க உத்தியோகப் பைத்தியம், அதால தொழில் வளரேல்லை, அதால பிள்ளையள் சும்மா திரியினம். இதுதான் அவையின்ர முழு விளக்கமும். இந்த விளக்கம் பிழை எண்டு சொல்லத்தான் இதை எழுதுகிறோம். பைத்தியம் இல்லை எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பைத்தியத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கு, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பெடியள் சரியாகத்தான் கூட்டிக் கழிச்சிருக்கினம்.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவில் இருந்து 40,000 ரூபாவாக, கட்டம் கட்டமாக, உயர்த்தப்பட்டது. அதே வருடம் தனியார் துறையின் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ஆனது. 2026 ஜனவரியில் இருந்து 30,000. பத்தாயிரம் ரூபா வித்தியாசத்தை விடுங்கோ. ஓய்வூதியம், லீவு, வங்கிக் கடன், வேலையால் நிப்பாட்ட மாட்டினம் எண்ட நிம்மதி, கலியாணச் சந்தையில் பெறுமதி, இவ்வளவும் ஒரு பக்கத்தில் இருக்கு. மற்றப் பக்கத்தில் யாழ்ப்பாண நகரத்துப் புடவைக் கடை ஒன்றில் காலமை எட்டரையில இருந்து இரவு எட்டு மட்டும் நிற்கிற பிள்ளை. இருக்கக் கதிரை இல்லை. நியமனக் கடிதம் இல்லை. சட்டப்படி முதலாளி தன் பங்குக்கு 12 சதவீதமும், தொழிலாளியின் சம்பளத்தில் இருந்து 8 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேணும். எங்களுக்குத் தெரிந்த கடைப் பிள்ளையள் பலர் ஈ.பி.எஃப் இலக்கம் எண்டால் என்னெண்டே கேட்டினம். எங்களில் ஒருவர் ஏ.எல் முடிச்சிட்டு ஏழு மாதம் ஒரு கடையில் நின்றவர். ஏழு மாதமும் சம்பளம் என்வலப்பில்தான் வந்தது, ஒருநாளும் ஒரு கையெழுத்துக்கூட வாங்கேல்லை. அப்படி ஒரு ஆள் அங்க வேலை செய்தார் எண்டதுக்கு இண்டைக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஒரு பிள்ளை அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டால் அதை மனநோய் எண்டு சொல்லுறது எந்த நியாயம்?

சரி, எங்கட பக்கத்துப் பிழைக்கும் வருவோம். 2017 இல் யாழ்ப்பாணம் கச்சேரிக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்ததை மறக்கேலாது. அந்தப் போராட்டத்தில் எங்கட அண்ணாமார், அக்காமார் இருந்தவை. நாங்களும் போய் இருந்தோம். 2020 இல் நாடு முழுவதும் 50,000 பட்டதாரிகளை எடுக்கிறம் எண்டு 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிற்சிக்கு எடுத்தார்கள். அதில் எடுபட்ட ஒரு அக்கா சொன்னது: அவவின்ர அலுவலகத்தில் புதுசாப் போட்ட அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒன்பது பேர், மேசை நாலு. முறை வைச்சு இருக்கினம். அபிவிருத்தி எது எண்டு கேட்டால் அவவுக்கே சிரிப்பு. ஆனால் அவ அந்த வேலையை விடமாட்டா, நாங்களும் விடச் சொல்ல மாட்டோம்.

"பட்டதாரிகளுக்கு நியமனம் கொடு" எண்ட கோசம் எங்கட தலைமுறையின்ர ஒரே பொருளாதாரக் கோசமாகப் போனதுதான் பிழை. இலங்கை முழுவதிலும் வேலை செய்கிறவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் அரச துறை. மிச்ச ஆறு பேரைப் பற்றி எங்களிட்ட ஒரு கோசமும் இல்லை. நாங்கள் கேட்கிறது கதிரை. அந்தப் பெரியவர் தரச் சொல்லுறது மண்வெட்டி. இங்க என்னத்தைச் செய்யப் போறம், ஆர் வாங்குவினம், செய்கிறவனுக்கு என்ன மிஞ்சும் எண்டு இரண்டு பேரும் கேட்கவில்லை.

புள்ளிவிபரம் காட்டி வாயடைக்க வருவினம். நாட்டின் வேலையின்மை வீதம் நாலு, ஐந்து சதவீதம்தானே எண்டு. அந்தக் கணக்கெடுப்பில் ஒரு கிழமைக்குள் ஒரு மணித்தியாலம் கூலிக்கு வேலை செய்தாலும் நீங்கள் வேலையுள்ள ஆள். மாமாவின்ர கடையில் சம்பளமில்லாமல் நின்றாலும் நீங்கள் வேலையுள்ள ஆள். அப்படிப் பார்த்தும் 15 முதல் 24 வயசுக்குள் வேலை தேடுகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. பெண்களில் மூன்றில் ஒருவர்கூட முழுசாக அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. மிச்சப் பேர் வேலை தேடவில்லையாம், அதால அவை வேலையற்றவையும் இல்லையாம். சமையல், பிள்ளை, கிழவி பார்க்கிறது, ஆடு மாடு. இதெல்லாம் ஒரு மணித்தியாலத்துக்கும் வராது போல.

மத்திய வங்கி மாகாண வாரியாக உற்பத்திக் கணக்கு வெளியிடுகிறது. மேல் மாகாணம் மட்டும் நாட்டின் உற்பத்தியில் சுமார் 40 சதவீதம். வடக்கு நாலு, ஐந்து சதவீதத்துக்குள்ளே நிற்கிறது, வருடக்கணக்காகக் கடைசி வாங்கில். நாங்கள் சனத்தொகையிலும் ஐந்து சதவீதம்தானே எண்டு ஒரு சமாதானம் சொல்லலாம். எங்களைக் கவலைப்படுத்துறது அந்த அளவை விட அதன் உள்ளடக்கம். யாழ்ப்பாண நகரத்தில் ஆஸ்பத்திரி வீதியால் ஒருக்கா நடந்து பாருங்கோ. வங்கி, லீசிங், காப்புறுதி, போன் கடை, நகைக் கடை, ரியூசன், விசா ஆலோசனை, சாப்பாட்டுக் கடை. ஒரு பொருளைச் செய்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கோ. 2009 க்குப் பிறகு ஏ9 வீதியால் இங்க வந்தது பெரும்பாலும் விற்கிற ஆட்கள். முதல் கடன் வந்தது, பிறகு கடனுக்கு மோட்டச்சைக்கிள் வந்தது, பிறகு கடனை அறவிடுகிற வேலை வந்தது. எங்கட வயசுப் பெடியள் கனபேருக்கு முதல் வேலை அதுதான், கிராமங்களுக்குப் போய் அம்மாமாரிட்டத் தவணைக் காசு கேட்கிறது.

இப்படித்தான் எப்பவும் இருந்ததா எண்டு கேட்டால், இல்லை.

மணியோடர் பொருளாதாரம் எண்டு எங்கட ஊருக்கு ஒரு பெயர் இருந்தது உண்மை. 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கினதில் இருந்து ஆங்கிலப் படிப்பு, பிறகு கொழும்பு, பிறகு மலாயா, அங்க இருந்து மாதாமாதம் காசு. 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்து அந்த வாசலை இடுக்கியது. எழுபதுகளில் தரப்படுத்தல் வந்து கம்பஸ் வாசலையும் இடுக்கியது. அந்த வரலாறு எல்லாருக்கும் தெரியும், மேடையில் நிறையச் சொல்லியாச்சு. மேடையில் சொல்லாத பக்கம் ஒன்று இருக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்துத் திட்டங்கள்தான் காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், கிழக்கில் வாழைச்சேனைக் காகித ஆலை. அவரின்ர அரசியலில் எங்களுக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு, மலையக மக்களின் பிரஜாவுரிமைப் பறிப்பு விசயத்தில் அவர் நின்ற பக்கத்தை மன்னிக்க முடியாது. ஆனாலும் அந்தத் தொழிற்சாலைகளின் தொடுப்பைப் பாருங்கோ. ஆனையிறவில் உப்பு விளைந்தது. கூப்பிடு தூரத்தில் பரந்தனில் அந்த உப்பில் இருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். கோஸ்ரிக் சோடா காகிதத்துக்கும் வேணும், சவர்க்காரத்துக்கும் வேணும். யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரம் செய்தார்கள், அந்தப் பெயர் தெரியாத அம்மம்மா இங்க இல்லை. உப்பு அள்ளுகிற கூலியாளுக்கும் வேலை, ஆய்வுகூடத்தில் நிற்கிற பி.எஸ்.சி காரருக்கும் வேலை, பிற்றர், வெல்டர், லொறிக்காரர், கணக்குப்பிள்ளை எல்லாருக்கும் வேலை. தொழில் பல்வகைமை எண்டு நாங்கள் சொல்லுறது இதைத்தான். ஒரு தொழில் இன்னொரு தொழிலுக்குச் சாமான் கொடுக்க வேணும். பத்தாம் வகுப்புப் படிச்சவருக்கும் கம்பஸ் முடிச்சவருக்கும் ஒரே ஊரில் இடம் இருக்க வேணும்.

சீமெந்து ஆலை 1990 இல் நின்றது. பரந்தன் போரில் அழிஞ்சு போனது. ஆனையிறவு போர்க்களமானது. அந்தத் தொடுப்பு அறுந்த பிறகு அதை ஆரும் திரும்பக் கட்டவில்லை. 2025 மார்ச்சில் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறந்தார்கள், நல்ல விசயம். திறந்த கையோடு சண்டை வந்தது, பக்கற்றில் 'ரஜ லுணு' எண்டு பெயர் போட்டதுக்கு. பெயர்ச் சண்டை நியாயமான சண்டைதான். ஆனால் அந்தக் கிழமைகளில் எங்கட முகநூலில் வந்த நூறு பதிவில் ஒன்றாவது அங்க எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, பெண்களுக்கு என்ன கூலி, உப்போடு நிற்கப் போறமா அடுத்த கட்டத்துக்குப் போகப் போறமா எண்டு கேட்டதா? நாங்களும்தான் கேட்கவில்லை. பெயருக்கு மட்டும் கொதிச்சிட்டு அடங்கினோம்.

விவசாயத்துக்கு வருவோம், ஏனெண்டால் சோம்பேறிப் பட்டம் அங்கதான் அதிகம் தைக்கிறார்கள். அறுபதுகளின் கடைசியில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டம் எண்டு வந்தது. படிச்சிட்டு வேலையில்லாமல் இருந்த பெடியளுக்குக் காணி கொடுத்தார்கள். 1970 க்குப் பிறகு சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை மறிச்சது. அந்தப் படிச்ச பெடியள் காட்டை வெட்டி மிளகாய் போட்டு, அந்த மிளகாயில் கல்வீடு கட்டினார்கள். தோட்டக்காரருக்குச் சம்பந்தம் பேச அரசாங்க உத்தியோகத்தர் வீட்டுப் படியேறின காலம் அது எண்டு எங்கட தாத்தாமார் இப்பவும் சொல்லிச் சிரிப்பினம். 1977 இல் ஜே.ஆர். இறக்குமதியைத் திறந்துவிட்டார், விலை விழுந்தது, பெடியளும் மண்வெட்டியை வைச்சார்கள். பெடியள் அதே பெடியள்தான். மண்வெட்டியில் காசு இருந்தபோது பிடிச்சார்கள், இல்லாதபோது விட்டார்கள். இண்டைக்கும் வெங்காயம் கிண்டுகிற நேரம் பார்த்து இறக்குமதி வெங்காயம் சந்தைக்கு வருது. இருப்பு வைக்கக் களஞ்சியம் காணாது, காய வைத்துத் தூளாக்க, பதப்படுத்த ஆலை காணாது. நட்டம் நிச்சயமான தொழிலுக்குப் போ எண்டு பிள்ளையிடம் சொல்லிவிட்டு, போகவில்லை எண்டால் போன் பார்க்கிறான் எண்டு ஏசுறது.

மேசன் கிடைக்கவில்லை எண்ட முறைப்பாட்டிலும் ஒரு ஒளிவு இருக்கு. மேசன் நாட்கூலி குறைவில்லை, சில உத்தியோகத்தை விடக் கூடவும் வரும். பிறகேன் போகவில்லை? மேசனை நாங்கள் எப்படிக் கூப்பிடுகிறோம், தேத்தண்ணியை எந்தக் கோப்பையில் கொடுக்கிறோம், அவரின்ர மகனுக்கு எங்கட வீட்டில் பெண் கொடுப்போமா எண்டு கேட்டுப் பாருங்கோ. கள்ளுச் சீவுறது, முடி வெட்டுறது, சலவை, துப்புரவு எண்டு எங்கட ஊரில் தொழிலுக்குத் தொழில் சாதி ஒட்டி வைச்சது ஆர்? அந்தத் தொழிலைச் செய்த குடும்பத்துப் பிள்ளை முதல் சந்தர்ப்பத்தில் அதை விட்டு ஓடினால் அது விடுதலை, அதில் எங்களுக்குச் சந்தோசம். மற்றக் குடும்பத்துப் பிள்ளை அதுக்குள் வராது, வந்தால் வீட்டில் சாவீடு. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் தொடங்கினது. மரம் இருக்கு, சபை இருக்கு, ஏற ஆள் குறைஞ்சு போச்சு. ஏணி, இயந்திரம், காப்புறுதி, ஓய்வூதியம் எண்டு அந்த வேலையை ஒரு மதிப்பான வேலையாக மாற்றுவதை விட்டிட்டு 'கற்பகதரு' எண்டு விழா எடுக்கிறார்கள். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் 58, 77, 83 கலவரங்களுக்குப் பிறகு வந்து குடியேறின மலையகத் தமிழரைக் கூலிக்கு மட்டும் ஆட்களாகப் பார்த்த பழக்கமும் இதே கணக்குத்தான்.

பெண்களுக்கு வேலை கொடுத்தது ஆடைத் தொழிற்சாலைகள்தானே எண்டு கேட்பினம். ஓம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் விடியமுதல் பஸ் ஏறுகிற அக்காமாரின் சம்பளத்தில் எத்தனையோ வீடு நிற்கிறது, போரில் ஆண்களை இழந்த வீடுகளும் அதில். அதைக் காமென்ட்ஸ் எண்டு நக்கலடிக்கிற வாய்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு பிரதேசம் ஒரு தொழிலில் மட்டும் நின்றால் என்ன நடக்கும் எண்டு இரண்டு தரம் பார்த்தாச்சு. 2020 கொரோனாவில் ஓடர் நின்றது. 2025 ஏப்ரலில் ட்ரம்ப் இலங்கைச் சாமானுக்கு 44 சதவீத வரி எண்டு அறிவித்தார், பிறகு 30, பிறகு 20 எண்டு இறங்கினது. அந்த மூன்று நாலு மாதமும் கிளிநொச்சிப் பிள்ளையின்ர சோறு வொஷிங்டனில் ஒருவரின்ர மனநிலையில் தொங்கினது. துணியும் அங்க இருந்து வருது, வாங்குகிறவனும் அங்க. எங்களுடையது தைக்கிற கை மட்டும்.

தொழில் வந்தாக் காணும், எதுவும் வரட்டும் எண்டும் நாங்கள் சொல்ல மாட்டோம். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணற்றுக்குள் இறங்கினதை எங்கட தலைமுறை கண்ணால் கண்டது. சீமெந்து ஆலையைத் திரும்பத் திறக்க வேணுமா எண்டதில் எங்கட குழுவுக்குள்ளேயே சண்டை. பாதிப்பேர் வேலைக்காக வேணும் எண்டினம். மற்றப் பாதி, குடாநாட்டுக்கு ஆறு இல்லை, நாங்கள் குடிக்கிற தண்ணி அந்தச் சுண்ணக்கல்லுக்குள்தான் இருக்கு, அதைத் தோண்டி வித்தால் பிறகு என்னத்தைக் குடிக்கிறது எண்டு கேட்கினம். எழுதுகிற இந்த நேரம் மட்டும் முடிவில்லை. மன்னாரில் காற்றாலைக்கும் கனிய மணலுக்கும் எதிராகச் சனம் தெருவுக்கு வந்தபோது 'அபிவிருத்திக்கு எதிரிகள்' எண்டு பட்டம் கொடுத்தவை, அந்தத் திட்டங்களில் மன்னார்ப் பிள்ளையளுக்கு எத்தனை நிரந்தர வேலை எண்டு சொன்னதை நாங்கள் கேட்கவில்லை.

இப்ப காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் மூன்று இடத்திலும் முதலீட்டு வலயம் எண்டு அறிவிப்பு வந்திருக்கு. வழக்கம்போல எத்தனையாயிரம் வேலை எண்ட எண்ணிக்கையில்தான் பேச்சு. அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையையும் இந்திய உதவியோடு திருத்தித் திறந்தவை. அங்க இருந்து தொடங்கலாமே. எத்தனை கொட்டகை உற்பத்தி செய்யுது, எத்தனை வெறும் களஞ்சியம்? கிளிநொச்சியில் 2016 இல் இருந்து ஜேர்மன் பயிற்சி நிறுவனம் நடக்குது, பக்கத்தில் பொறியியல் பீடம், விவசாய பீடம். அங்க படிச்சு வெளியே வருகிறவருக்கு இருபது கிலோமீற்றருக்குள் வேலை செய்ய எத்தனை பட்டறை, எத்தனை ஆலை இருக்கு? பரந்தன் வலயத்தில் என்ன வரப்போகுது எண்டு முடிவெடுக்கிற மேசையில் அந்த மாணவர்களில் ஒருவராவது இருக்கிறாரா? கடலில் இழுவைமடி அள்ளிக்கொண்டு போக, மிச்ச மீனையும் ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு ரின்மீன் வாங்கிச் சாப்பிடுகிற ஊரில், மீன் பதனிடும் ஆலை அந்தப் பட்டியலில் இருக்கா?

இதைக் கேட்க ஒரு மாகாண சபைகூட இல்லை. 2013 இல் தெரிவான சபை 2018 இல் முடிஞ்சது, அதோடு சரி, தேர்தல் இல்லை. இருந்த ஐந்து வருடத்திலும் நிறையத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். தொழில் பற்றி ஒன்று நினைவிருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கோ.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு சொல். கோபுரம் உயர்ந்தது, கலியாண மண்டபம் கூடியது, மதில் நீண்டது. காசு உங்கட காசு, கேள்வி கேட்க எங்களுக்கு உரிமை இல்லை எண்டு சொல்லலாம். ஆனால் அந்த மண்டபத்தில் ஒரு வருடத்துக்கு எத்தனை நாள் வேலை இருக்கு? ஒரு கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு காய வைக்கும் இயந்திரம், ஒரு குளிர்க் களஞ்சியம் எண்டு வாங்கிக் கொடுத்தால் பெயர்ப் பலகை சின்னதாகத்தான் இருக்கும், அதுதான் பிரச்சினையோ தெரியாது. போர்க்காலத்தில் சங்கக் கடைதான் எங்களுக்குச் சீனியும் மாவும் நிறுத்துத் தந்தது. அவ்வளவு குண்டுக்குள்ளும் நின்ற சங்கங்கள் லீசிங் கொம்பனிக்கு முன்னால் படுத்துப் போனதைப் பற்றி ஒரு கட்டுரை தனியே எழுத வேணும்.

அடுத்த கிழமையில் இருந்து நாங்கள் ஒரு சின்ன வேலை தொடங்குகிறோம். யாழ்ப்பாணம், சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரிக் கடைகளில் நிற்கிற எங்கட வயசுப் பிள்ளையளிட்ட மூன்றே மூன்று கேள்வி: நியமனக் கடிதம் இருக்கா, ஈ.பி.எஃப் கட்டுப்படுதா, இருக்கக் கதிரை இருக்கா. பெயர் வேண்டாம், கடைப் பெயரும் வேண்டாம். சேர்ந்ததைக் கொண்டுபோய்த் தொழில் திணைக்களத்தில் கொடுப்போம், அதே நாள் வணிகர் கழகத்துக்கும் ஒரு பிரதி. சேர விருப்பமானவை சனிக்கிழமை பின்னேரம் வழமையான இடத்துக்கு வாங்கோ. ஆள் காணாது. எங்கட வாசிப்பு வட்டம் தொடங்கேக்க பதினொரு பேர், இப்ப ஆறு. ஒருவர் கனடா, ஒருவர் கட்டார், இரண்டு பேர் கொழும்பு, ஒருவர் எங்க எண்டு அவரின்ர அம்மாவுக்கே சரியாகத் தெரியாது, ஏஜென்சிக்காரன் போன் எடுக்கிறானில்லை.